நெகிழ்வட்டின் 34 கம்பிகள்

ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்திலே அண்டி வோர்ஹோல் என்னும் ஓவியரின் பெயரால் அமைந்த அரும்பொருட்சாலை ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டளவில் அவர் அமிகா என்னும் கணினியிலே பயன்படுத்திய நெகிழ்வட்டுகள் அங்கே நெடுங்காலம் வாய் திறவாமற் கிடந்தன. அவற்றிலிருந்து அவர் வரைந்த படங்கள் மீட்கப்பட்ட செய்தி 2014ஆம் ஆண்டிலே வெளிவந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினிக் கழகத்தார் அப்பணியை நிறைவேற்றினர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மௌனமாயிருந்த வட்டு எவ்வாறு பேசிற்று? இதற்கு விடை காணவேண்டுமாயின், வட்டைச் சுழற்றும் செலுத்திக்கும் அதனை ஆளும் கட்டுப்படுத்திக்கும் இடையே செல்லும் கம்பிகளை நோக்குதல் வேண்டும்.

நெகிழ்வட்டு என்பது காந்தப்பொருள் பூசப்பெற்ற மெல்லிய வட்டத் தகடேயாகும். ஐ.பி.எம். நிறுவனம் 1971ஆம் ஆண்டில் 8 அங்குல வட்டை வழங்கிற்று. ஷுகாட் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் 5¼ அங்குல வட்டுக்குரிய செலுத்தியை வெளியிட்டது. அச்செலுத்தியின் பின்புறத்திலே 34 தொடுமுனைகள் இருந்தன. பிற்காலத்து 3½ அங்குலச் செலுத்திகளும் பெரும்பாலும் அவ்வொழுங்கையே தழுவின.

இந்த 34 கம்பிகளுள் ஒற்றையெண் பெற்ற 17 கம்பிகளும் செய்தி எதனையும் கொண்டுசெல்வதில்லை. அவை புவித்தொடுப்புக் கம்பிகள். அங்ஙனமாயின் அவை வீணோ எனின், அன்று. ஒரு கம்பியில் ஓடும் துடிப்பு அயற்கம்பியிலே எதிரொலியை எழுப்பவல்லது. பேசுவோர் இருவருக்கு நடுவே பேசாதவர் ஒருவரை இருத்தினாற்போல, ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பிக்கும் அருகே ஒரு புவிக்கம்பி காவலிருக்கின்றது.

எஞ்சிய கம்பிகள் பேசும் முறையும் அறியத்தக்கது. கம்பி ஓய்ந்திருக்கும்போது அதன் மின்னழுத்தம் ஒரு தடையின் வழியாக 5 வோல்ற்றுக்கு உயர்த்தப்பட்டிருக்கும். கட்டளையிட விரும்பும் பகுதி அதனைப் பூச்சியத்தை நோக்கிக் கீழே இழுக்கும். உயர்வு மௌனம், தாழ்வே பேச்சு. ஆலய மணியின் கயிற்றைப் பலர் பற்றியிருப்பினும், எவர் இழுத்தாலும் மணி ஒலிக்கும். இருவர் சேர்ந்து இழுத்தாலும் தீங்கில்லை. அதுபோலவே செலுத்திகள் பல ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். எது பேசவேண்டும் என்பதைத் தெரிவுக் கம்பி தீர்மானிக்கும்.

கட்டுப்படுத்தியிடமிருந்து செல்லும் கட்டளைகள் மிக எளியவை. மோட்டரைச் சுழற்று, உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பு, ஓரடி வை, மேற்பக்கத்தையோ கீழ்ப்பக்கத்தையோ கொள், எழுது. செலுத்தி திருப்பியனுப்பும் விடைகளும் அத்தகையனவே. வட்டு ஒருமுறை சுற்றியது என்பதை ஒரு துடிப்பால் உணர்த்தும். நிமிடத்துக்கு 300 சுற்றுகள் சுழலும் வட்டில் அத்துடிப்பு 200 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை எழும். தலை 0ஆம் தடத்தில் நிற்கின்றது என்பதையும், வட்டு எழுதுதற்குத் தடைசெய்யப்பட்டது என்பதையும் தனித்தனிக் கம்பிகள் அறிவிக்கும்.

தான் எத்தனையாம் தடத்தில் நிற்கின்றது என்பதைச் செலுத்தி அறியாது. 0ஆம் தடம் ஒன்றே அதற்குத் தெரியும். ஆகையால் தொடக்கத்திலே கட்டுப்படுத்தி தலையை வெளிநோக்கி அடியடியாக நகர்த்தி, 0ஆம் தடத்தை அடைந்தபின், ஆங்கிருந்து அடிகளை எண்ணிக்கொள்கின்றது. எண்ணுபவர் ஒருவர், நடப்பவர் வேறொருவர்.

ஒன்றில் மட்டும் செலுத்தி தன் உறுதியைக் காட்டும். வட்டு எழுத்துத் தடை பெற்றிருப்பின், எழுதுமாறு கட்டளை வந்தாலும் அது எழுதாது. இக்குணத்தின் பயனை நாடாவடத்தைத் தலைகீழாகப் பொருத்தியவர் அறிவர். அவ்வாறு பொருத்தினால் சமிக்ஞைக் கம்பிகள் யாவும் புவிக்கம்பிகளோடு இணைந்து, கட்டளைகள் அனைத்தும் ஒருங்கே இடப்பட்டனவாகிவிடும். செலுத்தியின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டேயிருக்கும். எழுதும் கட்டளையும் அவற்றுள் அடங்குமாதலின், தடை பெறாத வட்டு உள்ளே இருந்தால் அதன் பதிவு அழிதலும் கூடும்.

இனி, வாசிக்கும் கம்பியே யாவற்றுள்ளும் சிறந்தது. வட்டின் காந்தத்திசை மாறும் இடந்தோறும் செலுத்தி ஒரு துடிப்பை அனுப்பும். அவ்வளவே. 1,474,560 பைற்று கொள்ளும் 3½ அங்குல வட்டிலே, அத்துடிப்புகளுக்கிடையே ஏறத்தாழ 2, 3 அல்லது 4 மைக்குரோசெக்கன் இடைவெளி இருக்கும். அவ்விடைவெளிகளிலேதான் எழுத்தும் எண்ணும் படமும் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் பொருளைச் செலுத்தி அறியாது. எழுத்தறியாத தூதன் ஓலையைக் கொண்டுவந்து சேர்ப்பதுபோலச் சேர்த்துவிடும். ஓலையைப் படிப்பது கட்டுப்படுத்தியின் கடமை.

இந்த அறியாமையே இன்று பேருதவியாயிற்று. நெகிழ்வட்டு விற்பனையைச் சோனி நிறுவனம் 2011ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. எஞ்சிய வட்டுகளின் காந்தப்பூச்சோ ஆண்டுதோறும் நலிகின்றது. தலை உராயும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஊறு நேரலாம். ஆதலின் பழைய பதிவுகளைக் காப்போர், 34 முனைச் செலுத்தியோடு ஒரு சிறு மின்சுற்றை இணைத்து, துடிப்புகளின் இடைவெளிகளை மட்டும் அப்படியே பதிந்துகொள்கின்றனர். அவற்றின் பொருளைப் பின்னர் ஆறுதலாக ஆராயலாம். அமிகாவின் எழுத்துமுறை வேறு, ஐ.பி.எம். கணினியின் எழுத்துமுறை வேறு. எனினும் இரண்டுக்கும் ஒரே செலுத்தி போதும். வோர்ஹோலின் படங்களும் வட்டின் காந்தச் சமிக்ஞையை இவ்வாறு கவர்ந்தே மீட்கப்பட்டன.

யூ.எஸ்.பி. வழியாகக் கணினியோடு இணையும் பிற்காலத்துச் செலுத்தியோ தன்னுள்ளேயே கட்டுப்படுத்தியைக் கொண்டது. தான் கற்ற சில எழுத்துமுறைகளையன்றிப் பிறவற்றை அது வெளியே விடாது. அமிகா வட்டை அதனுள் இட்டால், வாசிக்கவியலாத வட்டென்று தள்ளிவிடும். எனவே பழைய வட்டுகளைப் பேணுவோர் அவற்றோடு பழைய செலுத்தியையும் பேணுதல் வேண்டும். வட்டு இருந்தும் செலுத்தி இல்லையெனின், பூட்டிய பேழையைக் காத்துத் திறவுகோலை எறிந்ததாக முடியும்.