கூரைக்கு எவ்வளவு?

மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம் ஆகிய நிலையங்களைக் கடந்து, விடியற்காலையில் கோரமண்டலில் வந்து நிற்கும் ரயிலில், பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஜனங்கள் சாப்பாட்டுப் பையோடு ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், தண்டவாளத்துக்கு அப்பால் பார்வையைச் செலுத்துகிறவர்களுக்கு வரிசை வரிசையாகத் தெரிபவை கம்பெனி வீடுகள். ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். பல வீடுகளுக்குப் பொதுவாகத் தெருக்குழாய். கோலார் தங்கவயலில் இந்த வரிசைகளுக்கு ‘லைன்’ என்று பெயர். துருப்பிடித்த தகரத்தின்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, காற்றில் பறந்துவிடாதபடி கல்லை ஏற்றி வைத்திருக்கும் கூரை ஒன்றைக் கண்டால், ‘இதைப் பழுது பார்க்க வேண்டியவர் யார்?’ என்ற கேள்வி எவருக்கும் எழும். எளிதாகத் தோன்றும் அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், பொதுப்பணத்தில் கட்டப்பட்ட வீடுகளுக்கு வாடகை நிர்ணயிக்கும் விஷயம் முழுவதையும் ஆராய வேண்டியிருக்கிறது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க நிர்வாகத்தை மேற்கொண்ட பிறகு, வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டி வைத்த குடிசைகளே. பின்னர் சுவர் வைத்த வீடுகள் எழுந்தன. அவற்றுக்கு வாடகை என்று கொடுத்தது சொற்பம். ஆயினும் கூரை ஒழுகினால் கம்பெனி ஆள் வருவான்; குழாய் உடைந்தால் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். வீட்டுச் செலவெல்லாம் சுரங்கத்தின் லாபநஷ்டக் கணக்குக்குள் ஒரு சிறு இனமாக அடங்கிக் கிடந்தது. 1956-இல் மைசூர் அரசாங்கமும், 1962-இல் மத்திய அரசாங்கமும், 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமும் ஒன்றன்பின் ஒன்றாக நிர்வாகத்தை ஏற்றபோதும் இந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கக் கணக்கோடு கூரையின் கணக்கும் முடிந்துபோனது. கூரையும் அதன் கீழ் வாழ்ந்த மனிதர்களும் மட்டும் மிஞ்சினார்கள்.

வாடகையை நிர்ணயிப்பதற்குப் பொதுவாக மூன்று அளவுகோல்கள் உண்டு. வீட்டுக்கு ஆகும் செலவைப் பார்ப்பது ஒன்று. குடியிருப்பவரின் வருமானத்தைப் பார்ப்பது மற்றொன்று. அதே போன்ற வீட்டுக்கு வெளியில் என்ன கிடைக்கும் என்று பார்ப்பது மூன்றாவது. நம் நாட்டில் அரசாங்க ஊழியர்களின் குடியிருப்புக்கு, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்ற விதி நெடுங்காலம் இருந்து வந்தது. இது இரண்டாவது வகை. இங்கிலாந்தில் 2002 முதல் நகரசபை வீடுகளுக்கு ஏற்பட்ட சூத்திரமோ இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்தது: நூற்றில் எழுபது பங்கு வட்டாரக் கூலி நிலவரத்தையும், முப்பது பங்கு வீட்டின் மதிப்பையும் ஒட்டி, அறைகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் அது வாடகையைக் கணக்கிட்டது.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், தொகைகள் கற்பனையே. ஆறு லட்ச ரூபாயில் கட்டிய ஒரு வீடு ஐம்பது வருஷம் நிற்குமானால், வட்டியை ஒதுக்கிவிட்டாலும், மாதத்துக்கு 1,000 ரூபாய் வீட்டின் தேய்மானம். பழுது பார்க்க 500. பொதுத் தண்ணீர் மோட்டார், சாக்கடை, தெருவிளக்கு ஆகியவற்றுக்கு 200. பூட்டிக் கிடக்கும் வீடுகளாலும் வாடகைப் பாக்கியாலும் வரும் நஷ்டத்துக்கு 100. ஆக மொத்தம் 1,800 ரூபாய். குடியிருப்பவரின் மாத வருமானம் 12,000 என்று கொண்டால், பத்தில் ஒரு பங்கு 1,200 தான். துண்டு விழுவது 600. நூறு வீடுகள் உள்ள குடியிருப்பில் வருஷத்துக்கு 7,20,000 ரூபாய் குறைகிறது. இதை அரசாங்கம் மானியமாகத் தரலாம். ஊரார் வரியாகத் தரலாம். வசதியுள்ளவர்களிடம் சற்றுக் கூடுதலாக வாங்கி ஈடுகட்டலாம். ஒருவரும் தராவிட்டால், அந்தத் தொகையை வீடே தன் உடம்பிலிருந்து கொடுக்கும்: முதலில் சுண்ணாம்பு, பிறகு காரை, கடைசியில் இரும்புக் கம்பி.

அந்தப் பள்ளத்தை நேர்மையாக நிரப்பிய நகரங்கள் உண்டு. 1923-இல் வியன்னா நகரசபை, செல்வர் வீடுகளுக்கு அதிகமாகவும் ஏழை வீடுகளுக்குச் சொற்பமாகவும் ஒரு வீட்டு வரியை விதித்து, கட்டுமானச் செலவை அதைக் கொண்டும் மற்ற வரிகளைக் கொண்டும் சமாளித்தது. ஆகவே அங்கே குடியிருந்த தொழிலாளி பராமரிப்புக்கு ஆகும் அளவே வாடகை கொடுத்தால் போதுமென்றிருந்தது. இங்கிலாந்து இன்னொரு பாடம் கற்பித்தது. நகரசபையின் வீட்டு வாடகை வரவும் வீடுகளுக்கான செலவும் தனிக் கணக்கில் இருக்க வேண்டுமென்றும், அந்தப் பணத்தைப் பிற காரியங்களுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாதென்றும் 1989-ஆம் வருஷத்துச் சட்டம் வேலி கட்டியது. ஆனால் வேலியால் மாத்திரம் வயல் விளைந்துவிடாது. 2016 முதல் நான்கு வருஷம், ஆண்டுக்கு ஒரு சதவீதம் வாடகையைக் குறைக்கும்படி மேலிடம் உத்தரவிட்டபோது, குடியிருந்தவர்களுக்கு அது உதவிதான். ஆனால் நகரசபைகளின் பழுதுபார்ப்புத் திட்டங்களுக்கு அந்த அளவுக்கு வரவு குறைந்தது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டு, சென்னையில் குடிசைகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழும்பின. 1977-இல் உலக வங்கியின் துணையோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகளை வகுத்து, பெரிய மனைகளையும் வியாபார மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அதன் ஆதாயத்தால் ஏழைகளின் சிறு மனைகளுக்கு விலையைத் தாழ்த்தியது. கட்டும் வரையில் நமக்கு யுக்தி குறைவில்லை. கட்டிய பின் காப்பதில்தான் கை தளர்ந்துவிடுகிறது. 2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு ஜனங்கள் முன்னதாகவே வெளியேறிவிட்டபடியால் உயிர்ச்சேதம் இல்லை. சரிந்ததற்கான காரணங்களைப் பொறியியல் வல்லுநர்கள் ஆராயட்டும். பழுதுக்கென்று தனி நிதியும், வருஷந்தோறும் தவறாத பரிசோதனையும் எவ்வளவு அவசியம் என்பதைச் சாமானியரும் அன்று கண்டுகொண்டார்கள்.

வாடகையைக் குறைப்பது தர்மம் என்று நாம் நினைக்கிறோம்; குறைத்த தொகைக்கு மாற்று வழி காட்டாமல் குறைப்பது தர்மமன்று, கடனைப் பேரன் தலையில் ஏற்றுவது. அதற்காக ஏழையிடம் முழுச் செலவையும் வசூலிக்க வேண்டுமென்பதும் நியாயமாகாது. அவன் தர முடிந்தது இவ்வளவு, ஊர் தர வேண்டியது இவ்வளவு என்று இரண்டு பத்திகளில் வெளிப்படையாக எழுதி, இரண்டாவது பத்தியையும் முதலாவதைப் போலவே தவறாமல் வசூலிப்பதுதான் நல்ல பட்ஜெட்டின் லட்சணம்.

கோரமண்டல் லைனில் இந்த இரண்டு பத்திகளையும் எழுதுவதற்குரிய கையே இல்லை. சுரங்க வருமானம் போய்விட்ட கம்பெனி கூரை மாற்றுமா? தனக்குச் சொந்தமில்லாத வீட்டுக்கு நகரசபை பணம் ஒதுக்குமா? பட்டா இல்லாத குடும்பம், தன்னுடையது என்று உறுதியில்லாத சுவருக்குச் சேமிப்பைச் செலவிடுமா? தலைமுறை தலைமுறையாகப் பூமிக்கடியில் உழைத்தவர்களின் மக்களுக்கு வீட்டுரிமை தருவது நியாயம். ஆனால் பழுதான கூரையை உரிமைப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கைகழுவுவது நியாயமாகாது. பத்திரம் வழங்கும் நாளில் பழுதுபார்ப்புத் தொகையும் கூடவே வர வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் பொதுப்பணத்தில் வீடு கட்டித் திறப்பு விழா நடக்கும்போது, வாடகை எவ்வளவு, தவணை எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். கூரைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.