இரும்புக்கை மாயாவியின் சுபாவம் யார் கையில்?

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் நீளும் தொழில் வட்டாரத்தில், ஆலைச் சங்கின் ஒலி கேட்டுக் கண்விழித்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இரும்புக்கை மாயாவியை அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியமில்லை. 1972ஆம் ஆண்டில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தோன்றியவன் அவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கரம் ஒன்றைத் தவிர மற்ற அங்கங்களெல்லாம் கண்ணுக்குப் புலப்படாமல் போகும் அந்த மனிதனிடத்தில், இயந்திரத்தில் கை சிக்கினால் என்ன நேரும் என்று அறிந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனி அபிமானம் ஏற்பட்டிருந்தால் அதில் வியப்பேதுமில்லை.

ஆனால் நீதியின் காவலனாக நாம் கொண்டாடிய மாயாவி, பிறக்கும்போது நீதிமானாகப் பிறக்கவில்லை. 1962ஆம் ஆண்டு அக்டோபரில் 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் கென் புல்மர் எழுத, பார்சிலோனா நகரத்துச் சித்திரக்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ வரைய, லூயி க்ராண்டேல் என்னும் பெயரோடு தோன்றியபோது, சோதனைச்சாலை விபத்தொன்றில் கிட்டிய அபூர்வ சக்தியைத் துர்மார்க்கத்தில் செலுத்திய குற்றவாளியாகவே அவன் இருந்தான். பின்னர் தொடரின் பெரும்பகுதியை எழுதியவர் டாம் டல்லி. அந்த நெடும்பயணத்தில் க்ராண்டேல் ரகசிய உளவாளியானான், ஒரு கட்டத்தில் விசேஷ உடை தரித்த மகாவீரனாகவும் உலவினான்.

இத்தகைய மாற்றங்களுக்குக் காரணம் அந்தத் தொழிலின் அமைப்பிலேயே உள்ளது. காமிக்ஸ் கதையில் எழுத்தாளர் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நிகழ வேண்டும், யார் என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்க, சித்திரக்காரர் அதற்கு உருவமளிக்கிறார். கதாபாத்திரமோ அந்நாளில் இவ்விருவருக்கும் சொந்தமாயிருக்கவில்லை, பத்திரிகை ஸ்தாபனத்துக்கே சொந்தமாயிருந்தது. ஆதலால் ஒரு ஷிப்ட் முடிந்து மற்றொரு ஷிப்ட் வரும்போது அதே இயந்திரத்தின் முன் வேறு ஆள் நிற்பதுபோல, ஆசிரியர் குழு நினைத்தபோது பேனாவும் தூரிகையும் கைமாறின. அக்காலத்துப் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகளில் படைப்பாளிகளின் பெயரை அச்சிடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லாமையால், தமது கதாநாயகன் ஏன் திடீரென வேறுவிதமாக நடந்துகொள்கிறான் என்பது அந்நாட்டு வாசகர்களுக்கே விளங்காத புதிராயிருந்தது.

இவ்விஷயத்தில் ஸ்பைடரின் சரித்திரம் இன்னும் சுவையானது. 1984ஆம் ஆண்டில் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸின் வாயிலாகத் தமிழ்ச் சிறுவர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட இந்தக் கூரிய காதுக்காரன், 1965இல் இங்கிலாந்தின் 'லயன்' பத்திரிகையில் டெட் கோவன் எழுதிய முதலிரு கதைகளில், குற்றவுலகின் சக்கரவர்த்தியாவதையே லட்சியமாகக் கொண்டிருந்தான். அதன்பின் பேனாவை ஏற்றவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைச் சிருஷ்டித்து, அதன் உரிமையை வெறும் 130 டாலருக்கு விற்றுவிட்டு, பிற்காலத்தில் அதற்காக வழக்காடிய அதே அமெரிக்கர். தம் சிருஷ்டியைப் பறிகொடுத்த அவரது கைக்கு வந்ததும், பிறருடைய சிருஷ்டியான ஸ்பைடர் விபரீத சக்தி படைத்த வில்லன்களோடு மோதி, நாளடைவில் சட்டத்தின் பக்கம் சாய்ந்தான். வாரத் தொடரை வரைந்தவர் மட்டும் ரெக் பன் என்ற ஒரே சித்திரக்காரராக இருந்தபடியால், முகமும் கறுப்பு உடையும் வலைத் துப்பாக்கியும் மாறவில்லை. அவற்றுக்குள்ளே குடியிருந்த ஆத்மாதான் மாறிற்று.

இதற்கு நேர் எதிரான திருஷ்டாந்தம், ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவி என்ற பெயரில் வந்த வேதாளன். 1936 முதல் ரே மூர், வில்சன் மெக்காய், சை பாரி என்று சித்திரக்காரர்கள் மாறி மாறி வந்தார்கள். கோடுகளின் அழுத்தமும் முகத்தின் வார்ப்பும் காட்டின் இருளும் ஒவ்வொருவரிடத்தும் வெவ்வேறாயின. எனினும் கதையை 1999இல் தாம் மறையும் வரை எழுதியவர் லீ பாக் ஒருவரே. ஆகையால் வேதாளன் வாழும் மண்டையோட்டுக் குகையின் மரபும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சபதமும் நிலைகுலையவில்லை. தூரிகை மாறியும் வாசகர் அவனை அந்நியனாகக் கருதவில்லை.

சித்திரக்காரர் மாறினால் முதல் பக்கத்திலேயே கண் கண்டுபிடித்துவிடுகிறது, ஆனால் சில இதழ்களில் பழகியும் விடுகிறது. எழுத்தாளர் மாறுவதோ எளிதில் புலப்படுவதில்லை, ஆனால் கதாநாயகனின் தர்மத்தையே மாற்றிவிடுகிறது. இவ்விரண்டில் ஆழமானது பின்னதே. எனினும் மாற்றமெல்லாம் கேடு என்று முடிவுகட்டுவதும் நியாயமாகாது. ஸ்பைடர் கடைசிவரை கொள்ளைக்காரனாகவே இருந்திருந்தால், இத்தனை ஆண்டுகள் நம் நினைவில் நின்றிருப்பானா என்பது சந்தேகமே. பழைய புத்தகக் கடையில் அடுத்தமுறை ஒரு காமிக்ஸைக் கையிலெடுக்கும் அன்பர்கள், அட்டையிலுள்ள வீரனின் பெயரோடு நின்றுவிடாமல், அவனை எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்றும் விசாரித்துப் பார்க்க வேண்டும். இத்தனை காலம் பெயரின்றி உழைத்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே.