சம்பளம் மட்டும் பார்த்தால் போதுமா?

ஐ.சி. வாங்கப் போகிறவர்கள் பலர் மாப்பிள்ளை பார்க்கிற ரகம். 'சம்பளம் எவ்வளவு?' என்று ஒரே கேள்வி. கடன் இருக்கிறதா என்று மூச்சு விட மாட்டார்கள்!

எங்கள் ஆபீஸில் ஒரு ஹாம் ரேடியோ பைத்தியம். சுவீடனில் கிரிமெட்டன் என்ற ஊரில் 1924-ல் தொடங்கிய நிலையம் ஒன்று, வருடத்தில் சில நாள் மட்டும் 17.2 கிலோ ஹெர்ட்ஸில் மோர்ஸ் அனுப்புகிறது. தவற விட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைப் பிடித்தே தீருவது என்று மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பியை நட்டுவிட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினான்.

"சார், என்.இ.5534-ல இரைச்சல் 4 நானோ வோல்ட்தான். டி.எல்.071-ல 18. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"தம்பி, கரண்ட் இரைச்சல்னு இன்னொரு வரி இருக்கு பாரு" என்றேன்.

5534-க்கு 0.6 பைக்கோ ஆம்பியர். 071-க்கு 0.01. (எல்லாமே ரூட் ஹெர்ட்ஸுக்கு.) 'ப்பூ, பைக்கோதானே' என்காதீர்கள். ஒரு மீட்டர் கம்பியின் கெப்பாசிடன்ஸ் சுமார் 10 பைக்கோ ஃபாரட். 17.2 கிலோ ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 9 லட்சம் ஓம். பெருக்கிப் பாருங்கள். 5534-க்கு 500 நானோ வோல்ட்டுக்கு மேல்! 071-க்கு வெறும் 9. நாலு என்று பீற்றிக்கொண்டவர் தலையில் ஐந்நூறு கடன்!

அப்படியானால் 5534 மட்டமா? இல்லவே இல்லை. சில சுற்றுச் சுற்றிய லூப் ஆன்டெனாவுக்கு இம்பிடன்ஸ் சில ஓம்தான். அங்கே கரண்ட் இரைச்சல் காணாமல் போகும், 5534-தான் ராஜா.

இன்னொன்று. இந்த அலைவரிசையில் எங்கோ இடிக்கிற இடியும் கேட்கும், பக்கத்து வீட்டு செல்போன் சார்ஜரும் கேட்கும். அதனால் ஒரு பரீட்சை வையுங்கள். கம்பியைக் கழற்றி, இன்புட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே 10 பைக்கோ ஃபாரட் கெப்பாசிடரைப் போட்டு, தகரப் பெட்டியில் மூடுங்கள். இரைச்சல் நன்றாகக் குறைந்தால் ஐ.சி. போதும், அதைவிட உசத்தி வாங்குவது தண்டச் செலவு. கம்பியைச் சார்ஜர்களுக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்துங்கள். குறையவில்லையா? அப்போது ஐ.சி.யை மாற்றலாம்.

தம்பி 071 வாங்கி வந்தான். நீங்களும் கடையில், "நல்ல ஐ.சி. ஒண்ணு குடுங்க" என்று கேட்காதீர்கள். "எந்த ஆன்டெனாவுக்கு சார்?" என்று திருப்பிக் கேட்கிறவரிடம் தைரியமாக வாங்கலாம்!