செயற்கைக்கோள் படக் கட்டங்களைத் தெரிந்தெடுக்கும் முறை

வெள்ளத்தாலோ வறட்சியாலோ பயிர் அழியுங்கால், சேதமுற்ற பரப்பை மதிப்பிடச் செயற்கைக்கோள் படங்கள் பெரிதும் துணைசெய்கின்றன. 2015-ஆம் ஆண்டில் ஐரோப்பியரால் முதன்முதலாக ஏவப்பெற்ற சென்டினல்-2 வகைக் கோள்களின் நுண்ணிய படங்களில், ஒரு புள்ளி 10 மீட்டர் சதுர நிலத்தைக் குறிக்கும். இது ஏறக்குறைய இரண்டரை சென்டாகும். இப்படங்களுக்குக் கட்டணமில்லை.

ஆயினும் இவை கிராமவாரியாகவோ தாலுகாவாரியாகவோ கிடைப்பனவல்ல. நிலப்பரப்பு 100 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு இடப்பட்டுள்ளது. தஞ்சாவூர் நகரம் 44-பி-கே-எஸ் என்னும் கட்டத்தின் வடகிழக்கு மூலையில் உள்ளது. கும்பகோணம் 44-பி-எல்-டி கட்டத்தையும், திருவாரூர் 44-பி-எல்-எஸ் கட்டத்தையும் சேர்ந்தவை. தஞ்சாவூரை மட்டும் நோக்கிப் படம் எடுப்போர் மற்ற இரண்டு ஊர்களையும் கைவிட்டவராவர்.

ஆதலின் கட்டங்களைக் கணிப்பொறி நிரலால் தெரிந்தெடுத்தலே நலம். முதலில் வேண்டிய பரப்பின் எல்லையை அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாக நிரலுக்குக் கொடுத்தல் வேண்டும். நிரல் அவ்வெல்லையை ஒவ்வொரு கட்டத்தின் எல்லையோடும் ஒப்பிட்டு, சிறிதளவேனும் பொருந்தும் கட்டங்களையெல்லாம் பட்டியலிடும். தாலுகாவின் நடுப்புள்ளியை மட்டும் கொடுத்தால் ஓரத்துக் கிராமங்கள் விடுபடும்.

இதிற் கவனிக்கவேண்டியவை நான்கு.

1. தஞ்சைக்கு அட்சரேகை சுமார் 10.8, தீர்க்கரேகை 79.1. இவற்றை முன்பின்னாக மாற்றிவிட்டால், நிரல் வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் அருகே படம் தேடும்.

2. அடுத்தடுத்த கட்டங்கள் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஒன்றன்மேலொன்று படிந்துள்ளன. அங்குள்ள வயல் இரு படங்களிலும் தோன்றுமாதலால், ஒருமுறையே கணக்கிடுதல் வேண்டும்.

3. 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே, கோயம்புத்தூர் முதலிய இடங்கள் 43-ஆம் மண்டலத்தைச் சேர்ந்தவை. இரு மண்டலப் படங்களை இணைக்குமுன் ஒரே அளவை முறைக்கு மாற்றிக்கொள்க.

4. படத்தோடு குறிக்கப்படும் மேக விகிதம் கட்டம் முழுமைக்கும் உரியது. விகிதம் மிகுந்திருப்பினும் குறித்த கிராமத்தின்மேல் வானம் தெளிந்திருக்கக்கூடும். ஆதலால் கிராமப் பரப்பின் மேகத்தையே தனியே பார்த்தறிதல் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் நீங்காவிடின், மேகத்தை ஊடுருவும் ராடார் படங்களைத் தரும் சென்டினல்-1 உதவும்.

நிரல் எத்துணைச் செம்மையாயினும், கொடுக்கப்பட்ட எல்லையையே அது அறியும். எல்லை பிழைபட்டால் மெய்யாகவே மூழ்கிய வயலும் கணக்கில் ஏறாது. ஆகவே கிராம உத்தியோகஸ்தர்கள் சர்வே எல்லையைச் சரிபார்த்து அனுப்புதலும், நிலச்சொந்தக்காரர்கள் தங்கள் சர்வே எண்கள் அவ்வெல்லைக்குள் அடங்கியுள்ளனவா என்று மழைக்காலத்திற்கு முன்பே கேட்டறிதலும் அவசியமாகும்.