குளத்துச் சேற்றில் உலோகம் தேடலாமா?

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நமுனுகுலவில் மழையே இல்லை. தோட்டத்துக் குளத்தில் தண்ணீர் பாதியாக வற்றி, கரையைச் சுற்றிலும் கறுப்புச் சேறு தெரிந்தது. வாப்பாவின் கடைக்கு வழமையாக வரும், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரின் தங்க மோதிரம் அந்த நாட்களில்தான் தொலைந்தது. உடுப்புத் துவைக்கும்போது விரலிலிருந்து கழன்று குளத்தில் விழுந்துவிட்டதாம். கடையில் சாமான் வாங்கிக்கொண்டே அவர் அழுததை என் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. யாரிடமும் சொல்லாமல் உம்மாவின் கைத்தொலைபேசியில் 'மெட்டல் டிடெக்டர்' என்ற செயலியைத் தரவிறக்கிக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டான்.

நான் தேடிப் போனபோது, கரையிலிருந்து நாலைந்து அடி தள்ளி, முழங்காலுக்கு மேல் சேற்றில் புதைந்து நின்றான். ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் இன்னும் கீழே போனது. அவனுக்கு நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப் போனேன். புல்லுக்கட்டோடு வந்த ஒரு மாமா, "ஏய் புள்ள, எறங்காத!" என்று சத்தம் போட்டார். தம்பியை மல்லாக்கச் சாய்ந்து, கைகளை விரித்துக் கிடக்கச் சொன்னார். நீண்ட மூங்கில் கம்பொன்றை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு அவன் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து வெளியே வர, பத்து நிமிடங்கள் ஆயின. அந்தப் பத்து நிமிடங்கள்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தன.

முதலில், அந்தச் செயலி ஏன் மோதிரத்தைக் காட்டவில்லை? கைத்தொலைபேசிக்குள் திசை காட்டுவதற்காகக் காந்தப்புலத்தை அளக்கும் சிறிய உணரி ஒன்று இருக்கிறது. புவியின் காந்தப்புலம் நம் நாட்டில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பக்கத்தில் இரும்போ உருக்கோ இருந்தால் அந்த அளவு மாறும், செயலி 'பீப்' என்று ஒலிக்கும். தங்கமும் வெள்ளியும் செம்பும் அதை மாற்றுவதில்லை. தம்பி வீட்டில் கத்தியின் அருகே பிடித்துப் பார்த்திருக்கிறான். சத்தம் வந்ததும் நம்பிவிட்டான். பிறகு நாங்கள் உம்மாவின் தங்க வளையலுக்கு அருகில் பிடித்துப் பார்த்தோம். எண் அசையவே இல்லை. அவன் நாள் முழுவதும் தேடியிருந்தாலும் அந்த மோதிரத்தை அந்தத் தொலைபேசி காட்டியிருக்காது.

உண்மையான மெட்டல் டிடெக்டர் வேறு விதமாக வேலை செய்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவர்கள் மின்காந்தத் தூண்டலைப் படித்திருப்பீர்கள். 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த அதே விடயம்தான். கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருளில் மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் உண்டாகும் மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல்போல் ஓடும் சிறு மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அந்த ஓட்டங்கள் தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்புகிறது. இதனால் தங்கத்தையும் அது காட்டும். ஆனால் தங்கத்தை மட்டும் காட்டாது. ஆணி, தகரம், போத்தல் மூடி, முள்ளுக்கம்பி எல்லாவற்றுக்கும் ஒலிக்கும். இரும்பு ஒட்சைட்டு நிறைந்த சிவப்பு மண்ணும் சில வேளைகளில் அதை ஏமாற்றிவிடும்.

பெரிய மேதையைக்கூட இந்தக் கருவி ஏமாற்றியிருக்கிறது. 1881 ஜூலை 2ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று வைத்தியர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், தூண்டல் முறையில் இயங்கும் கருவியொன்றைச் செய்துகொண்டு போனார். ஆனால் குண்டின் இடத்தைச் சரியாகக் காட்ட முடியவில்லை. கட்டில் மெத்தையிலிருந்த உருக்குச் சுருள்களும் கருவியைக் குழப்பியதாகச் சொல்வார்கள். செப்டெம்பர் 19இல் கார்பீல்ட் காலமானார். கருவி 'இங்கே உலோகம் இருக்கிறது' என்று மட்டுமே சொல்லும். அது என்ன உலோகம், அதைத் தொடலாமா, எடுக்கலாமா என்பதெல்லாம் மனிதர் யோசிக்க வேண்டியவை.

குளத்தில் இந்த யோசனை இன்னும் அதிகமாக வேண்டும். வற்றிய குளம் பார்வைக்குப் பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில் தண்ணீர் இறங்கிய இடத்துச் சேறுதான் ஆபத்தானது. மேலே காய்ந்த ஆடை, கீழே கூழ். ஆகவே தனியாகப் போகக்கூடாது. பெரியவர் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். கையில் நீண்ட கம்பும் கயிறும் இருக்க வேண்டும். அடி வைக்கும் முன் கம்பால் ஊன்றிப் பார்க்க வேண்டும். கம்பு இலகுவாக இறங்கினால் அந்த இடத்தில் கால் வைக்கக்கூடாது. யாராவது புதைந்தால் மற்றவர் இறங்கக்கூடாது. கரையில் நின்றே கம்பையோ கயிற்றையோ கொடுக்க வேண்டும். புதைந்தவர் துள்ளாமல், உடலை மல்லாக்கச் சாய்த்துப் பாரத்தைப் பரப்பிக்கொண்டு, காலை மெதுவாக அசைத்து விடுவிக்க வேண்டும். நிலைமை மோசமானால் 1990க்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும்.

வெறுங்காலோடு இறங்குவதும் கூடாது. போத்தல் ஓடும் துருப்பிடித்த ஆணியும் சேற்றுக்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. காயம் பட்டால் ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், சிறு காயத்தின் வழியாகவும் எலிக்காய்ச்சல் தொற்றலாம். குளத்தில் இறங்கிய சில நாட்களில் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், நீரில் இறங்கியதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இந்தக் கருவியை மிகவும் கவனமாகப் பிடிப்பவர்கள் வடக்கில் இருக்கிறார்கள். யுத்தத்தில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடி அகற்றுகிறவர்கள் அவர்கள். முகமாலை போன்ற இடங்களில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்களும் பலர். கணவரை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் அவர்களுள் உண்டு. கருவி ஒலித்ததும் அவர்கள் ஆவலோடு தோண்டுவதில்லை. நின்று, அடையாளமிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக விலக்குகிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அவர்களிடமிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் சிறியது: என்னவென்று தெரியாத உலோகத்தைத் தொடாதே, விலகி நில், பொலிஸுக்கு 119இல் அறிவி.

அடுத்தது சட்டம். புதையல் தேடிப் போய் ஸ்கானரோடு பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிறோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுக்குள் மறைந்திருக்கும் தொல்பொருட்கள் அரசுக்குச் சொந்தம். அனுமதியின்றி அவற்றைத் தேடித் தோண்டுவது குற்றம். தற்செயலாக ஒன்று கிடைத்தாலும் அறிவிக்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று நானும் நினைத்ததுண்டு. அதற்கு விடை நம் மலைகளுக்குத் தெற்கே, கிரிந்தவுக்கு அப்பாலுள்ள கடலில் கிடைத்தது. 1961இல் மைக் வில்சன் என்பவரும் இரண்டு சிறுவர்களும் அங்குள்ள பெரிய பாறைத் தொடரருகே மூழ்கியபோது, சிதைந்த கப்பலொன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டார்கள். அவை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சிடப்பட்டவை. அவற்றில் ஹிஜ்ரி 1113 என்ற ஆண்டு இருந்தது, அதாவது கி.பி. 1702 அளவில். அந்த ஓர் ஆண்டைக் கொண்டே கப்பலின் காலத்தை அறிய முடிந்தது. எங்கே, எதனோடு கிடைத்தது என்று தெரிந்தால்தான் நாணயம் பேசும். தோண்டி எடுத்து விற்றுவிட்டால் அது வெறும் வெள்ளித் துண்டு.

தொலைந்த மோதிரம் தொல்பொருள் அல்ல, உரியவர் இருக்கிறார். கண்டெடுத்த பொருளை உரியவர் வரும்வரை ஓராண்டு அறிவிக்க வேண்டும் என்று நமது மார்க்கமும் கற்றுத் தருகிறது. கண்ணில் படுவதெல்லாம் கண்டவருக்குச் சொந்தமில்லை என்பதில் மார்க்கமும் சட்டமும் ஒன்றாகவே நிற்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாப்பாவும் அந்தப் புல்லுக்கட்டு மாமாவும் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பலகை போட்டு, கயிறு கட்டிக்கொண்டு, சேற்றை வாளியில் அள்ளினார்கள். நானும் தம்பியும் கரையில் அமர்ந்து சல்லடையில் கழுவிப் பார்த்தோம். ஆணிகள், ஒரு கரண்டி, உடைந்த பூட்டு ஒன்று கிடைத்தன. மோதிரம் கிடைக்கவில்லை. தம்பி தலை குனிந்து நின்றான். அந்த அக்கா அவன் தலையைத் தடவி, "போனா போகுது தம்பி. நீ கெடச்சதே போதும்" என்றார்.

இப்போதும் மழை குறைந்து குளம் வற்றும்போது, அந்த அக்கா துவைக்கும் கல்லைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறார். நாங்களும் பார்க்கிறோம். கரையில் நின்றுகொண்டு.