வீட்டையும் சேர்த்து ஏற்றிச் செல்லும் லாரி

கொல்லிமலையின் அரியூர் நாட்டிலிருந்து நாமக்கல்லுக்குப் புறப்படுகிறவர்கள் சோளக்காட்டைக் கடந்து, 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் காரவள்ளியைத் தொடுவார்கள். அங்கிருந்து நாமக்கல்லை நெருங்கும்போதே லாரிப் பட்டறைகள் கண்ணில் படத் தொடங்கும். இஞ்சின், சக்கரங்கள், நீண்ட இரும்புச் சட்டம் என்று வெறும் எலும்பாக வந்து நிற்கும் சேஸுக்கு இங்கேதான் உடம்பு கிடைக்கிறது. தச்சர் பலகை அறுக்கிறார், வெல்டர் தகட்டை ஒட்டுகிறார், பெயிண்டர் கடைசியாக ஊர்ப்பெயரும் சாமிபெயரும் எழுதுகிறார். பாடி கட்டும் தொழிலில் இந்தியா முழுவதும் அறியப்பட்ட ஊர் நாமக்கல்.

கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சில பட்டறைகளில் இதே போன்ற சேஸின் மேல் வேறொரு வகை பாடி கட்டுகிறார்கள். அதில் நெல்லோ முட்டையோ ஏறுவதில்லை. இருபது, இருபத்தைந்து பயணிகள் ஏறுகிறார்கள். அவர்கள் படுக்கும் கூடாரம், சமைக்கும் அடுப்பு, குடிக்கும் தண்ணீர், வாரக்கணக்கில் சாப்பிடும் அரிசியும் பருப்பும் எல்லாம் அதே வண்டியில்தான் போகின்றன. ஓவர்லேண்ட் டிரக் என்று பெயர். நைரோபியில் கிளம்பி ஏழெட்டு நாடுகளைத் தரைவழியாகக் கடந்து, வழியெல்லாம் காட்டுயிர்களைப் பார்த்து, கேப் டவுனில் போய் நிற்கும் இந்தப் பயணத்துக்கு ஐம்பது, அறுபது நாட்கள் பிடிக்கும்.

அந்த வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தால் கட்டியவரின் புத்தி புரியும். இருக்கைகள் சாதாரணப் பேருந்தைவிட உயரத்தில் இருக்கும். புல் ஆளுயரம் வளர்ந்த இடத்திலும் அதற்கு அப்பால் நிற்கும் யானை தெரிய வேண்டும் அல்லவா? ஜன்னல்கள் அகலமானவை. இருக்கைகளுக்குக் கீழே, தரைக்கும் சேஸுக்கும் நடுவே உள்ள இடம் முழுவதும் பெட்டிகள். ஒன்றில் கூடாரங்கள், ஒன்றில் மெத்தைகள், ஒன்றில் மடக்கு நாற்காலிகள். பக்கவாட்டில் ஒரு கதவைக் கீழே சாய்த்தால் அதுவே சமையல் மேடை. அதற்குப் பின்னால் எரிவாயு அடுப்பும் பாத்திரங்களும் அடுக்கி வைத்திருப்பார்கள். குடிநீருக்குத் தனித் தொட்டி. டீசல் தொட்டியோ சாதாரண லாரியில் உள்ளதைவிடப் பெரியது. அடுத்த பங்க் எங்கே வரும் என்று தெரியாத சாலைகளில் அதுதான் உயிர்நாடி.

வண்டியின் பக்கவாட்டில் துளைகள் போட்ட நீண்ட இரும்புத் தகடுகள் மாட்டியிருப்பதைப் பழைய ஓவர்லேண்ட் வண்டிகளின் படங்களில் காணலாம். இரண்டாம் உலகப் போரில் மண்தரையை அவசர விமான ஓடுபாதையாக மாற்றுவதற்காக அமெரிக்க ராணுவம் செய்த தகடுகள் இவை. போர் முடிந்ததும் மலிவாகக் கிடைத்தன. மணலில் சக்கரம் புதைந்தால் டயருக்கு முன்னால் உள்ள மண்ணை மண்வெட்டியால் தோண்டிவிட்டு, தகட்டைச் செருகி வண்டியை மெல்ல ஏற்றுவார்கள். அதற்கு முன்பே டயரின் காற்றைக் குறைத்துவிடுவார்கள். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி மணலை அதிக இடத்தில் தொடும், எடை பரவும், புதைவது குறையும்.

உணவையும் படுக்கையையும் லாரியிலேயே கொண்டுபோகும் இந்த வாழ்க்கை நாமக்கல் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி ஒன்று, குழாய்களும் டீசலும் ஏற்றிய துணை லாரி ஒன்று என இரண்டும் சேர்ந்து ஒடிசாவுக்கும் சத்தீஸ்கருக்கும் ராஜஸ்தானுக்கும் மாதக்கணக்கில் போகின்றன. போகிற இடத்தில் அந்தக் குழுவினரே சமைத்து, அங்கேயே படுத்து, அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார்கள். திருச்செங்கோட்டில் தயாராகும் ரிக்குகள் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. அவற்றை இயக்கக் கொங்கு நாட்டு இளைஞர்களும் அங்கே போகிறார்கள். சுற்றுலாப் பயணி பணம் கட்டி அனுபவிக்கும் லாரி வாழ்க்கையை அவர்கள் சம்பளத்துக்காக வாழ்கிறார்கள்.

மோட்டார் வண்டியில் ஆப்பிரிக்காவைக் கடப்பது நூறாண்டுப் பழமையான ஆசை. 1924 அக்டோபர் 28 அன்று அல்ஜீரியாவின் கொலம்ப்-பெஷார் நகரிலிருந்து சிட்ரோயன் நிறுவனத்தின் எட்டு வண்டிகள் தெற்கே புறப்பட்டன. முன்னால் சாதாரணச் சக்கரம், பின்னால் ரப்பர் பட்டைச் சங்கிலி என்ற அமைப்பில் செய்யப்பட்ட அவை சகாராவைத் தாண்டி, காங்கோக் காடுகளைக் கடந்து போயின. அந்தப் பயணம் 1925-இல் மடகாஸ்கரை அடைந்தது. 1970களில் பிரிட்டிஷ் இளைஞர்கள் பெட்ஃபோர்டு லாரிகளில் லண்டனிலிருந்து நைரோபிக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் போய்வந்தார்கள். இன்று தொழிலாக நடக்கும் ஓவர்லேண்ட் பயணம் அதிலிருந்து பிறந்ததுதான்.

அந்தப் பழைய வழி இப்போது வழக்கத்தில் இல்லை. 1990களில் அல்ஜீரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. காங்கோவிலும் போர். சகாரா வழியாகப் போவது ஆபத்தாகிவிட்டது. அதே காலத்தில், 1994-இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்தது. தெற்கே கதவு திறந்ததும் லாரிகள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கேப் டவுன் வரையிலான பாதைக்குத் திரும்பின. கென்யா, தான்சானியா, மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா: இந்த எட்டு நாடுகளிலும் நம் ஊரைப் போலவே வண்டிகள் இடப்பக்கமாகத்தான் ஓடுகின்றன.

வழியில் ஒவ்வொரு எல்லையிலும் விசா, சுங்கம், வண்டிக் காப்பீடு என்று சில மணிநேரம் கழியும். போட்ஸ்வானாவுக்கும் ஜாம்பியாவுக்கும் நடுவே கசுங்குலா என்ற இடத்தில் ஜாம்பெசி ஆற்றைக் கடப்பது பல காலம் பெரும் சோதனையாக இருந்தது. மிதவைப் படகில் ஒரு நேரத்தில் ஓரிரு லாரிகள்தான் ஏறும். சரக்கு லாரிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. 2021 மே மாதம் 923 மீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டதும் அந்த வரிசை மறைந்தது. ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தப் பாலத்தை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஆப்பிரிக்க மண்சாலையில் போகிறவர் முதலில் அறிந்துகொள்வது அதன் அலைகளை. சாலையின் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம். வண்டி தடதடவென்று அதிரும், பெட்டிக்குள் பாத்திரங்கள் பேசும், இறுக்கிய போல்ட்டுகள் கழலும். இந்த அலைகள் எப்படி உண்டாகின்றன என்பதை டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மோரிஸும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். சுழலும் மேடையில் மணலைப் பரப்பி அதன்மேல் ஒரு சிறு சக்கரத்தை ஓட்டினார்கள். ஸ்பிரிங் இல்லை, இஞ்சின் இல்லை. ஆனாலும் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியவுடன் மணலில் அலை எழுந்தது. சக்கரம் ஒரு சிறு மேட்டில் ஏறித் துள்ளி விழும் இடத்தில் பள்ளமாகிறது. பள்ளத்து மண் அடுத்த மேடாகிறது. உண்மையான சாலையில் அந்த எல்லை வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவுதான் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே வண்டி ஓடும் மண்சாலையில் அலை வராமல் தடுப்பது நடக்கிற காரியமில்லை. ஓவர்லேண்ட் டிரக்கின் ஸ்பிரிங் பட்டைகளும் ஷாக் அப்சார்பர்களும் அந்த அதிர்வைத் தாங்குவதற்காகவே கனமாகப் போடப்படுகின்றன. ஓட்டுநர் ஒவ்வொரு மாலையும் வண்டிக்கு அடியில் படுத்து நட்டுகளைச் சோதிப்பதும் இதனால்தான்.

பொழுது சாய்வதற்குள் லாரி முகாமுக்கு வந்துவிட வேண்டும். தேசியப் பூங்காக்களில் இருட்டியபின் வண்டி ஓட்ட அனுமதி கிடையாது. வந்ததும் கூடாரப் பைகள் இறங்கும். இரண்டு பேருக்கு ஒரு கூடாரம். கம்பிகளைக் கோத்து, துணியை விரித்து, மூலைகளில் முளை அடித்து நிமிர்த்தப் பழகியவருக்குப் பத்து நிமிடம் போதும். வேலைகளை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று காய் நறுக்குகிறவர் நாளை பாத்திரம் கழுவுவார், அதற்கு அடுத்த நாள் வண்டியைப் பெருக்குவார்.

பல முகாம்களுக்கு வேலி கிடையாது. அதனால் விதிகள் கறாரானவை. கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் முழுவதும் மூடி வைக்க வேண்டும். உணவுப்பொருள் உள்ளே இருக்கவே கூடாது. செருப்பை வெளியே விட்டால் கழுதைப்புலி கவ்விக்கொண்டு போய்விடும். ஏரிக்கரை, ஆற்றங்கரை முகாம்களில் நீர்யானை இரவில் கரையேறிப் புல் மேயும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே யாரும் போய் நிற்கக் கூடாது. ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவுக்குள் ஆரஞ்சு, எலுமிச்சை வகைப் பழங்களைக் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அந்த வாசனைக்கு யானைகள் முகாமையே புரட்டிவிடும் என்பது அங்கே அனுபவத்தில் கற்ற பாடம். இரவில் வெளியே போக வேண்டியிருந்தால் முதலில் டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். விலங்கின் கண் வெளிச்சத்தில் மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா இடத்துக்கும் பெரிய லாரி போக முடியாது. தான்சானியாவில் உள்ள ங்கொரோங்கோரோ எரிமலை வாயின் விளிம்பில் லாரியை நிறுத்திவிட்டு, நான்கு சக்கரமும் இயங்கும் ஜீப்புகளில் சுமார் 600 மீட்டர் கீழே இறங்குகிறார்கள். 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தரையில் சிங்கமும் கருங்காண்டாமிருகமும் வரிக்குதிரையும் வாழ்கின்றன.

அதை அடுத்துள்ள செரங்கெட்டியில் உலகின் மிகப் பெரிய தரைவாழ் பாலூட்டி வலசைகளில் ஒன்று நடக்கிறது. வைல்டபீஸ்ட் என்னும் பெரிய மான்கள் சுமார் 13 லட்சமும், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வரிக்குதிரைகளும் மழையைத் தேடி ஆண்டு முழுவதும் சுற்றிவருகின்றன. தெற்குச் சமவெளியின் மண்ணில் எரிமலைச் சாம்பல் கலந்திருப்பதால் அங்குள்ள புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைய. பால் கொடுக்கும் தாய்க்கு அது தேவை. அதனால் பிப்ரவரியை ஒட்டி அங்கே வந்து கன்று ஈனுகின்றன. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்று தாயோடு ஓடத் தொடங்கிவிடும். ஜூலை முதல் அக்டோபர் வரை மந்தைகள் வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். ஆற்றில் முதலைகள் காத்திருக்கும்.

இத்தனை மந்தை எப்போதும் இருந்ததில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் வெக்கை நோய் என்று சொன்ன மாட்டுக் கொள்ளைநோய் 1880களின் கடைசியில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, பத்தே ஆண்டில் தெற்கு முனை வரை மாடுகளையும் காட்டு எருமைகளையும் வைல்டபீஸ்ட்களையும் அள்ளிப்போனது. பிறகு அந்தப் பகுதியில் மாடு மேய்க்கும் மாசாய் மக்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடவில்லை. மாட்டிடம் நோய் நின்றதும் காட்டிலும் நின்றது. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சத்தை ஒட்டியிருந்த வைல்டபீஸ்ட்களின் எண்ணிக்கை 1970களின் இறுதியில் 13 லட்சத்தைத் தொட்டது. 2011-இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. லாரியின் ஜன்னலிலிருந்து பயணி பார்க்கும் மந்தை, கால்நடை மருத்துவர்கள் மீட்டுத் தந்த மந்தை.

தெற்கே போகப் போக நிலம் வறண்டுகொண்டே வரும். கடலைச் சேராமல் பாலை மணலிலேயே விரிந்து முடியும் ஒக்கவாங்கோ ஆற்றில் மொகோரோ என்னும் ஒற்றைமரப் படகில் போகலாம். நமீபியாவின் எத்தோஷா பூங்காவில் ஒக்காகுவேயோ முகாமை ஒட்டி ஒரு நீர்க்குட்டை உண்டு. இரவு முழுவதும் அதன்மேல் மெல்லிய விளக்கு எரியும். சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் கருங்காண்டாமிருகம் வந்து தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாம். துரத்திப் போகாமல் ஓரிடத்தில் காத்திருந்து பார்ப்பதே காட்டுயிரைப் பார்ப்பதற்கு நல்ல முறை. கரடி வாழும் கொல்லிமலைச் சோலைகளுக்குள் போகிறவர்களுக்கும் இந்த அடக்கம் வேண்டும்.

அரியூர் நாட்டுக்காரர் ஒருவர் இந்த வண்டியில் போனால் காட்டைப் போலவே வயலும் அவரைக் கவரும். வழியில் மரவள்ளிக்கிழங்கு, வாழை, காப்பி என்று கொல்லிமலையில் விளைவதெல்லாம் அங்கும் விளைகிறது. கேழ்வரகின் தாயகமே எத்தியோப்பியா, உகாண்டா மேட்டுநிலங்கள்தான் என்பது பயிரியல் அறிஞர்களின் முடிவு. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து வந்த தானியம் கொல்லிமலைச் சரிவுகளில் இன்றும் விளைகிறது. கென்யாவில் கேழ்வரகுக் கூழை ஊஜி என்று காலையில் குடிக்கிறார்கள். மக்காச்சோள மாவில் கிண்டும் உகாலி நம் களியின் பக்குவம்தான். கையால் உருட்டிக் கீரையோடு சாப்பிடுகிறார்கள்.

போக விரும்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டுக்கொண்டு, சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கென்யா போன்ற நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நீலமும் கறுப்பும் உடுத்தாதீர்கள், செட்சி ஈக்களை ஈர்ப்பவை அந்த நிறங்கள். ரிக் வண்டியோடு வேலைக்குப் போகும் தம்பிகளுக்கும் இவை அத்தனையும் பொருந்தும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும்.