உளி ஓயாத கடைத்தெரு: மாமல்லபுரத்துக் கற்சிற்பத் தொழில்

சென்னையிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பும் ஒருநாள் சுற்றுலாக்களின் பாதையில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், முட்டுக்காட்டுப் படகுத்துறை, அதையடுத்து 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றிக்கொண்டே வரும் பேருந்து, இறுதியில் மாமல்லபுரத்தில் நிற்கிறது. அங்கே கடற்கரைக் கோயிலையும் அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் காட்டி முடித்த வழிகாட்டி, திரும்பும் முன் அரைமணி நேரம் கடைகளுக்கென்று ஒதுக்குகிறார். பெரும்பாலான பயணிகள் அந்த அரைமணியைச் சுற்றுலாவின் பகுதியாகவே கருதுவதில்லை. தேநீர் குடிப்பதற்கும் பேரம் பேசுவதற்குமான இடைவேளையாகவே அது கழிந்துவிடுகிறது.

உலகின் வேறு பல சுற்றுலாத் தலங்களில் அப்படிக் கருதுவது நியாயமே. கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ் தீவின் சார்லட் அமாலி, செயின்ட் மார்ட்டின் தீவின் பிலிப்ஸ்பர்க் ஆகிய துறைமுகங்களில் சொகுசுக் கப்பலிலிருந்து இறங்குவோர், மலைமுகட்டிலிருந்து ஒரு காட்சி, ஒரு கடற்கரை, அதன்பின் சுங்கவரியில்லாத நகைக்கடைத் தெரு என்ற வரிசையில் சுற்றிவிட்டு மாலையில் கப்பலேறுகிறார்கள். அந்தக் கடைகளில் பலவற்றைச் சிந்தி வணிகர்கள் நடத்துகிறார்கள். அங்கு விற்கும் வைரமும் கைக்கடிகாரமும் தீவில் விளைந்தவையும் அல்ல, தீவில் செய்தவையும் அல்ல. மாமல்லபுரத்தின் நிலைமை இதற்கு நேர்மாறானது. நினைவுச்சின்னங்களில் பயணி எந்தத் தொழிலின் பழைய விளைவைப் பார்த்தாரோ, அந்தத் தொழில் நடந்துகொண்டிருப்பதைக் கடைத்தெருவில்தான் பார்க்க முடியும். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அந்த நாளின் பயன்மிக்க அரைமணி அதுவே.

கல்லைப் பற்றிய பேச்சைத் தாம்பரம் வட்டாரத்திலேயே தொடங்கிவிடலாம். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் செல்வோருக்குத் திரிசூலம், பல்லாவரம் நிலையங்களை ஒட்டித் தெரியும் குன்றுகளின் பாறையை மக்கள் கருங்கல் என்றும் வணிகர்கள் கிரானைட் என்றும் சொல்ல, நிலவியலார் சார்னோகைட் என்கிறார்கள். கல்கத்தாவின் தொடக்க வரலாற்றோடு இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தச் சென்னைப் பாறையால் ஆனது என்பதைக் கண்ட தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1893இல் அப்பாறைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். இன்று உலகின் எந்தக் கண்டத்தில் இவ்வகைப் பாறை கிடைத்தாலும் அதற்கு அதுவே பெயர். பரங்கிமலையில் உள்ள இப்பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியோட்டின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் நீர் மிகக் குறைந்த சூழலிலும் உருவான பாறை இது. குவார்ட்ஸ், பெல்ஸ்பார் ஆகிய வழக்கமான கனிமங்களோடு ஹைப்பர்ஸ்தீன் என்ற இரும்பும் மெக்னீசியமும் கலந்த கனிமமும் இதில் இருப்பதால், புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியது போன்ற நீலச்சாம்பல் அல்லது கரும்பச்சை நிறத்தில் மினுங்கும். மாமல்லபுரத்துப் பாறைகளும் இதே இனத்தவை. பல்லாவரத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைந்த குகைக்கோயில் இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. பல்லவரின் கல்வேலை கடற்கரைக்குப் போகும் முன்பே இந்தக் குன்றுகளில் பழகப்பட்டுவிட்டது என்பதற்கு அது சான்று. பிற்காலத்தில் இக்குன்றுகள் ஜல்லிக்காக வெட்டப்பட்டுக் குளங்களாயின. 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் தந்த சிக்கராயபுரம் கல்குவாரிகளும் அப்படிப்பட்ட பள்ளங்களே.

இப்பாறையின் கடினம்தான் சிற்பத் தொழிலின் எல்லா உத்திகளையும் தீர்மானிக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கத்தியின் எஃகு 5.5 அளவில் நிற்க, கருங்கல்லின் முக்கியக் கனிமங்களோ 6க்கும் 7க்கும் இடையில் இருப்பதால், உளி கல்லை மரத்தைப் போலச் சீவுவது இயலாது. கூர்முனை உளியின் மேல் சுத்தியல் விழும்போது முனைக்கு அடியில் உள்ள சிறு பகுதி நொறுங்கித் தூளாகிறது. அந்த அழுத்தம் பக்கவாட்டில் பரவி, தடையற்ற திசையில் ஒரு சில்லைத் தெறிக்கவைக்கிறது. சிற்பி உண்மையில் செய்வது சில்லு எந்தத் திசையில் எவ்வளவு பெயர வேண்டும் என்பதை உளியின் சாய்வால் கட்டுப்படுத்துவதுதான். உளியை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்தால் அடி ஆழமாக இறங்கிப் பெரிய சில்லு பெயரும், படுக்கவைத்தால் மேற்பரப்பு மட்டும் மெல்லப் பெயரும். இன்னொரு பண்பும் உதவுகிறது: கருங்கல் அழுத்தத்தைத் தாங்குமே தவிர இழுப்பைத் தாங்காது. ஆகவே ஒரே கோட்டில் வரிசையாகக் குழிகள் வெட்டி, அவற்றில் ஆப்புகளை இறக்கி மாறிமாறித் தட்டிக்கொண்டே வந்தால், பெரும்பாறையும் அந்தக் கோட்டின் வழியே இரண்டாகப் பிளந்துவிடும். மாமல்லபுரத்துப் பாறைகள் சிலவற்றின் விளிம்புகளில் பல்வரிசை போலத் தெரியும் குழிகள் இவ்வாறு ஆப்பு வைத்த தடங்களே.

நல்ல கல்லைத் தேர்வதற்குச் சிற்பிகள் முதலில் நம்புவது காதை. தட்டினால் கணீரென்று மணியோசை எழுப்புவதை ஆண் கல் என்றும், தாளம் போன்ற மென்மையான ஓசை தருவதைப் பெண் கல் என்றும், ஓசையே எழாததை அலிக்கல் என்றும் சிற்ப மரபு பிரிக்கிறது. முதல் வகை ஆண் தெய்வங்களுக்கும், இரண்டாவது பெண் தெய்வங்களுக்கும் பீடங்களுக்கும், மூன்றாவது தளவரிசை முதலியவற்றுக்கும் உரியவை. இப்பெயர்களை நம்பிக்கையின் பாற்பட்டவை என்று ஒதுக்குவோரும் இந்தச் சோதனையின் பயனை மறுக்க முடியாது. உள்ளே விரிசல் ஓடும் கல்லில் அதிர்வு தடைப்பட்டு ஓசை மழுங்கிப்போகும் என்பதால், பல மாத உழைப்பு பாதியில் பிளந்து வீணாவதற்கு எதிராக இதைவிட மலிவான காப்பு இல்லை.

அடுத்தது அளவு. முகத்தின் நீளத்தை ஒரு தாலம் எனக் கொண்டு, உருவத்தின் மொத்த உயரம் இத்தனை தாலம் என்று சிற்ப நூல்கள் வகுக்கின்றன. சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தச தாலத்தில் உயரம் 124 சம பாகங்களாகவும், தேவியருக்குரிய மத்திம தச தாலத்தில் 120 பாகங்களாகவும் பகுக்கப்படுகிறது. பிள்ளையாருக்கு ஐந்து தாலம் என்பதால்தான் அவர் எந்தச் சிற்பியின் கையிலும் குட்டையாகவும் தலை பெருத்தும் அமைகிறார். இந்தப் பாகம் அடியோ சென்டிமீட்டரோ போல நிலையான நீளம் அல்ல, எடுத்துக்கொண்ட கல்லின் உயரத்திலிருந்து பிறக்கும் விகிதம். ஆகவே அரையடிச் சிலையையும் பத்தடிச் சிலையையும் ஒரே கணக்கால் வடிக்க இயலுகிறது.

கல்லின் முகத்தைச் சமப்படுத்தியபின் செங்காவியால் நடுக்கோடு இழுக்கப்படுகிறது. பிரம்ம சூத்திரம் எனப்படும் இக்கோட்டை வைத்தே மற்ற அளவுகள் இருபுறமும் குறிக்கப்படும். ஆனால் வரைந்த கோடு உளி பட்டவுடன் சில்லோடு போய்விடுவதால், ஒவ்வோர் அடுக்கு கழிந்ததும் மீண்டும் காவி தொட்டு வரைய வேண்டும். பட்டறையில் பாதி முடிந்த சிலைகள் செந்நிறக் கோடுகளோடு நிற்பது இதனால்தான். களிமண்ணில் தவறினால் ஒட்டிக்கொள்ளலாம், கல்லில் சேர்ப்பதற்கு வழியில்லை. ஆகவே மூக்கு, தொந்தி, முன்நீட்டிய கை போன்று வெளியே நிற்கும் புள்ளிகள் முதலில் கணக்கிடப்பட்டு, வேண்டியதற்கு மேல் சற்றுத் தடிப்பாகவே விடப்படுகின்றன. கைக்கும் உடம்புக்கும் இடையே உள்ள கல், ஆயுதத்தைத் தலையோடு இணைக்கும் கல் ஆகியவை கடைசிக் கட்டம் வரை அகற்றப்படாமல் இருக்கும், ஏனெனில் அதற்கு முன்பே மெலிந்துவிட்ட விரலோ தண்டமோ அடுத்த பகுதியில் விழும் சுத்தியலின் அதிர்விலேயே ஒடிந்துவிடும். உளியும் விரைவில் மழுங்குகிறது. மரபான பட்டறைகளில் சிறு உலை ஒன்று பக்கத்திலேயே இருந்தது. முனையைக் காய்ச்சி அடித்துக் கூராக்கி நீரில் தோய்த்துக் கடினமாக்கித் தருவது தனி வேலையாகவே நடந்தது. டங்ஸ்டன் கார்பைடு முனை பதித்த உளிகள் வந்தபின் அந்த உலைகள் குறைந்துவிட்டன.

இன்று கடைத்தெருவில் உளிச்சத்தத்தை விட உரத்துக் கேட்பது மின்சாரக் கிரைண்டரின் இரைச்சல். இதைக் கேட்டதும் கைத்தொழில் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டும் பயணிகள் உண்டு; அது அவசர முடிவு. வைரத்தூள் பதித்த சக்கரத்தால் கல்லில் இணையிணையாக ஆழமான வெட்டுகள் போடப்படுகின்றன. இடையில் மெல்லிய தகடுகளாக நிற்கும் கல் பின்னர் சுத்தியலால் தட்டி உதிர்க்கப்படுகிறது. மாமல்லபுரத்தின் முற்றுப்பெறாத குகைகளைப் பார்த்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. பல்லவச் சிற்பிகளும் பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளக்கோடுகளை உளியால் வெட்டி, நடுவே நின்ற சதுரக் கட்டிகளைத் தகர்த்தே உள்ளே முன்னேறினார்கள். கருவி மாறியிருக்கிறது, கல்லைக் கழிக்கும் அறிவு அதேதான். முகம், விரல், அணிகலன் ஆகியவற்றுக்கு வரும்போது சக்கரம் ஒதுங்கி உளியே திரும்ப வருகிறது. கிரைண்டரின் உண்மையான கேடு வேறிடத்தில் இருக்கிறது: அது எழுப்பும் நுண்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து, குணமாகாத சிலிகோசிஸ் நோயை உண்டாக்கக்கூடியது. நீர் தெளித்து அறுப்பதும் தகுந்த முகக்கவசம் அணிவதுமே காப்பு என்றாலும், துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்வோரை இன்னும் காணலாம்.

இத்தொழில் சுற்றுலாவை மட்டும் நம்பி வாழவில்லை. 1957இல் பயிற்சி மையமாகத் தொடங்கி இன்று பட்டப்படிப்புகள் நடத்தும் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இவ்வூரில்தான் இருக்கிறது. அதன் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்த 133 அடித் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் திறக்கப்பட்டது. உலகக் கைவினை மன்றம் 2015இல் மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக ஏற்றது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளில் கோயில் வேலைக்கும் கடை வேலைக்கும் உள்ள வேறுபாடு கண்ணிலேயே தெரியும். கருவறைக்குப் போகும் மூலவருக்கு மாசுமறுவற்ற ஒரே கல் வேண்டும், அளவு நூல்படி இருக்க வேண்டும், கண் திறப்பு என்ற கடைசி உளிவேலை உரிய சடங்கோடு நடக்க வேண்டும். கடையில் விற்கும் புத்தருக்கும் பிள்ளையாருக்கும் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. இருந்தும் இரண்டையும் செதுக்குவது பல நேரங்களில் ஒரே கைதான்.

வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது, கடையில் கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்கல் அல்ல என்பதுதான். மாக்கல்லில் டால்க் என்ற மிக மென்மையான கனிமம் மிகுதி. தொட்டால் வழுவழுப்பாக இருக்கும், சிலையின் அடிப்பக்கத்தில் சாவியால் கீறினால் வெண்தூள் உதிரும். கருங்கல்லில் அதே சாவிதான் தேய்ந்து சாம்பல்நிறக் கோடு போடும். கல்தூளைப் பசையோடு கலந்து அச்சில் வார்த்த உருவங்களில் பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடும், நுண்ணிய காற்றுக்குமிழிகளும், பக்கத்திலேயே அச்சுப் பிசகாத இன்னொரு பிரதியும் காணக் கிடைக்கும். சல்லடைக் கண்களின் வழியே உள்ளே குட்டி தெரியும் மென்கல் யானைகள் வாரணாசி, ஆக்ரா வட்டாரங்களுக்குரிய வேலைப்பாடு. அழகானவைதாம், ஆனால் மாமல்லபுரத்தின் நினைவாக அவற்றை எடுத்துச் செல்வதில் பொருளில்லை. பேருந்து எந்தக் கடை வாசலில் நிற்கிறதோ அந்தக் கடையின் விலையில் அழைத்து வந்தவரின் தரகும் அடங்கியிருப்பது சுற்றுலாத் தொழிலில் உலகெங்கும் உள்ள வழக்கம். அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் விலை எழுதியே வைக்கப்பட்டிருப்பதால், முதலில் அங்கே பார்த்துவிட்டு, பிறகு ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையோரப் பட்டறைகளில் செதுக்குபவரிடமே பேசுவது நல்ல வரிசை.

எடையையும் கணக்கிட வேண்டும். ஒரு கன அடிக் கருங்கல் ஏறக்குறைய 76 கிலோ. விமானத்தில் பெட்டிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் 23 கிலோவில் அதன் மூன்றில் ஒரு பங்குகூட அடங்காது என்பதால், வெளிநாட்டு உறவினருக்கு ஓரடிக்கு மேற்பட்ட சிலை வாங்குவோர் மரச்சட்டத்தில் அடைத்துக் கப்பலில் அனுப்புவதே வழக்கம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பங்களைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது. பழைய இலக்கணத்தை அப்படியே பின்பற்றும் புதுச்சிலையும் சுங்க அதிகாரியின் கண்ணுக்குப் பழையதாகவே தெரியக்கூடும். ஆகவே அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை வழங்கும் சான்று தேவைப்படுகிறது. அந்தச் சான்றைக் கடைக்காரர் வாங்கித் தருவாரா, வாங்குபவரே அலைய வேண்டுமா என்பதை விலை பேசும்போதே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.